கோடைக்குக் குட்டி மலைகள் போதும்

மைசூரில் மலை என்றால் எல்லோருக்கும் சாமுண்டிதான். ஆயிரம் படி, நடுவழியில் நந்தி, உச்சிக்குப் போனால் கார்களின் ஹாரன். ஞாயிறு காலையில் படிக்கட்டே திருவிழாக் கூட்டம். அது அலுத்தவர்கள் தடியாண்டமோள், குமார பர்வதம் என்று 1,700 மீட்டர் சிகரங்களுக்குப் பையைக் கட்டுகிறார்கள். கோடையில் இரண்டும் எனக்குச் சரிப்படவில்லை. மார்ச் பிறந்துவிட்டால் நான் போவது மாண்டியா மாவட்டத்து மொட்டைப் பாறைக் குன்றுகளுக்குத்தான். விடியலில் குந்தி பெட்டா, உச்சி வெயிலுக்கு மேலுக்கோட்டை, சாயங்காலம் கரிகட்டா. மூன்றும் ஒரே நாளில் முடியும். வார நாளாக இருந்தால் மலையில் ஆடு மேய்ப்பவர்களைத் தவிர ஆள் அபூர்வம். வார இறுதியில் பெங்களூரிலிருந்து இரவு மலையேற்றக் குழுக்கள் வந்து இறங்கும், அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பெரிய மலைகள் கோடையில் வேண்டாம் என்பதற்கு வெயிலைவிடத் தீதான் காரணம். 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் நடந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காட்டுத்தீயில் செத்தார்கள். காய்ந்த புல்லில் பற்றிய தீ சரிவில் மேல்நோக்கி ஓடும், மனிதக் கால் அதற்கு ஈடுகொடுக்காது. கர்நாடகத்திலும் தீக்காலத்தில் வனத்துறை பல காட்டுப் பாதைகளை மூடிவிடும். 2024 ஜனவரியில் குமார பர்வதத்தில் கூட்டம் முண்டியடித்த பிறகு முன்பதிவும் கட்டாயமாகிவிட்டது. யாரையாவது பிடித்து உள்ளே போய்விடலாம் என்று சொல்லும் நண்பர் எல்லோருக்கும் ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

குந்தி பெட்டா பாண்டவபுரத்தை ஒட்டியது. ஹைதர், திப்பு படைகளில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் இங்கே முகாமிட்டதால் வெள்ளைக்காரர்கள் இந்த ஊரை ‘பிரெஞ்ச் ராக்ஸ்’ என்றே எழுதினார்கள். ஊர்க்காரர்களுக்கோ இது வனவாசத்தில் பாண்டவர்கள் தாயோடு தங்கிய மலை. உயரம் பெரிதில்லை. ஆனால் உருண்டையும் பிளவுமான பாறைகள். சில இடங்களில் கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். நான் ஏறத் தொடங்குவது கிழக்கு வெளுக்கும்போது. அடிவாரத்தில் ஒருமுறை ஒரு பாட்டி, “பிசிலு ஜாஸ்தி, பேக ஹோகி பன்னி” என்று சொல்லி அனுப்பினார். வெயில் அதிகம், சீக்கிரம் போய்விட்டு வாருங்கள். இந்த மலைக்கு இதைவிட நல்ல வழிகாட்டிக் குறிப்பை நான் எங்கும் படித்ததில்லை.

தலைக்கு மேலே அடிக்கும் வெயிலுக்கு எல்லோரும் தொப்பி வைத்திருக்கிறோம். காலுக்குக் கீழே ஏறும் சூட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இந்தக் கருங்கல் வாங்கிய சூட்டை லேசில் விடாது. பத்து மணிக்குப் பாறையில் உள்ளங்கையை வைத்தால் சட்டென்று எடுத்துவிடுவீர்கள். காற்று நின்றுவிட்டால் இரண்டு பாறைகளுக்கு நடுவிலுள்ள சந்து தோசைக்கல்தான். அதனால் தூரத்தைப் பார்த்துத் திட்டமிடாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் எட்டரைக்குத் திரும்பிவிட வேண்டும். காலையில் மேற்குச் சரிவில் நிழல் இருக்கும், ஓய்வெடுக்க அந்தப் பக்கம் ஒதுங்குங்கள். தடித்த ரப்பர் சோல் ஷூ வேண்டும். தேய்ந்துபோன ஓட்டப்பந்தய ஷூவுக்கு இங்கே வேலையில்லை. ஏறும்போதே அடிக்கடி திரும்பிப் பாருங்கள். இறங்கும்போது அதே வழி வேறு வழிபோல் தெரியும். இந்த மாதிரி மலைகளில் ஆள் தடுமாறுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான்.

மேலே தண்ணீரை எதிர்பார்க்காதீர்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் கையில் இருக்கட்டும். தாகம் எடுத்த பிறகு மடமடவென்று குடிப்பதைவிடக் கால்மணிக்கு ஒருமுறை இரண்டு மடக்கு குடிப்பது மேல். வெறும் தண்ணீர் மட்டும் போதாது, வியர்வையில் உப்பும் போகிறது. உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு, வெள்ளரிக்காய். கிளம்புமுன் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் குடித்தால் மதியம் வரை தாங்கும். கூட வருபவருக்குத் தலை சுற்றி, பேச்சு குழறினால் அது களைப்பு இல்லை. நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குப் பேசுங்கள். பாறை முகட்டின் அடியில் தேனடை தொங்கினால் சத்தம், புகை, சென்ட் மூன்றும் கூடாது.

பதினொன்றரைக்கு மேல் நான்கு மணி வரை மலையைத் தொடுவதில்லை. அந்த நேரத்துக்குத்தான் மேலுக்கோட்டை. ராமானுஜர் பல ஆண்டுகள் தங்கிய ஊர், நம் வைணவர்களின் திருநாராயணபுரம். கன்னட நாட்டின் நடுவில், தெருவில் தமிழ் காதில் விழும். கல்யாணிக் குளத்து மண்டபத்தின் கல் தூண் நிழலில் படுத்தால் தூக்கம் தானாக வரும். இந்த ஊர்ப் புளியோதரை பிரசித்தம். பாதி வயிற்றுக்குச் சாப்பிடுங்கள், குரங்குகளிடமிருந்து மீதியைக் காப்பாற்றுங்கள். யோக நரசிம்மர் மலைக்குப் படிக்கட்டு உண்டு. சுற்றியுள்ள காடு 1974-இல் ஓநாய்களுக்காக அறிவித்த சரணாலயம், அனுமதியில்லாமல் அதற்குள் நுழையாதீர்கள்.

வெயில் தணிந்ததும் ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்திலுள்ள கரிகட்டா. சீனிவாசர் கோயில், சில நூறு படிகள், கீழே லோகபாவனி காவிரியில் சேருமிடம். ஏறத் தெம்பில்லாதவர்களுக்கு ரோடும் இருக்கிறது. ஏப்ரல், மே மாலைகளில் இடிமழை திடீரென்று இறங்கும். இடி காதில் விழுந்தால் ஏறாதீர்கள்; ஏறியிருந்தால் தனி மரத்தடியில் நிற்காமல் உடனே இறங்குங்கள். இருட்டுவதற்குள் கீழே வந்துவிட வேண்டும், சிறுத்தைகள் உள்ள பிரதேசம் இது. 2022 கடைசியில் டி.நரசிபுரா தாலுகாவில் குன்றுக்குப் போன ஒரு கல்லூரி மாணவர் சிறுத்தை தாக்கி இறந்தார்.

கிளம்புமுன் எந்த மலை, எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் 112.