தோலும் கண்ணாடியும்: ஒளி கசியும் சிற்பம்

சிற்பம் என்றவுடன் கல்லும் செம்பும் நம் நினைவுக்கு வருகின்றன. இவை ஒளியைத் தம் மேனியிலேயே தடுத்து நிறுத்துபவை. ஒளியை உள்ளே ஏற்று வடிவம் பெறும் சிற்பங்களும் உண்டு. அவற்றைப் பற்றி நான் அறிந்ததை இங்கே கூற விழைகிறேன்.

சன்னல் கண்ணாடித் தகடு ஒன்று இருப்பதே நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால், அதன் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இடைவெளிவிட்டுப் பத்துத் தகடுகளை நிறுத்தினால் மறுபுறம் சேரும் ஒளி பாதியளவே. தகட்டுக்கு ஒரு பகுதியாக உருவத்தைத் தீட்டி வரிசையாக நிறுத்தினால், தட்டையான ஓவியம் ஆழம் பெற்றுச் சிற்பமாகிறது.

1946இல் பிறந்த நளினி மலானி, மைலார் உருளைகளில் பின்புறமாக ஓவியம் தீட்டி, அவற்றைச் சுழலவிட்டு ஒளி பாய்ச்சுபவர். 2012இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த டாக்குமென்டா கண்காட்சியில் இத்தகைய ஐந்து உருளைகளின் நிழல்கள் சுவரெங்கும் உலவின.

இதைப் படித்ததும் நம் தோல்பாவைக் கூத்து நினைவுக்கு வந்தது. பதனிடாத ஆட்டுத்தோலில் சாயந்தீட்டிப் பின்னால் விளக்கேற்றினால் திரையில் வண்ணமே விழுகிறதல்லவா!

நெமிலிக்காரனாகிய நான், இராணிப்பேட்டையில் தோல் வேலை செய்யும் என் மாமாவிடம், “தோலில் வெளிச்சம் தெரியுமா?” என்று கேட்டேன்.

“வெளிச்சம் தெரிஞ்சா அந்தச் சரக்கையே கழிச்சுடுவாங்க மாப்ளே” என்று சிரித்தார்.

காரணம் எளியது. பச்சைத்தோலை இழுத்துக்கட்டி உலர்த்தினால் அதன் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஒளி ஊடுருவும். பதனிட்டால் நார்கள் ஒட்டாமல் பிரிந்தே நிற்கும். இடையிலுள்ள காற்றுவெளிகளில் ஒளி சிதறிவிடும். செருப்புக்கு வேண்டிய மென்மையைத் தருவதே ஒளியை மறைத்தும் விடுகிறது.

மாமா, சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கிய ஆட்டுத்தோல் துண்டொன்றைக் கொண்டுவந்தார். அதைக் கழுவிப் பலகையில் ஆணியடித்து நிழலில் உலர்த்தினேன். இரு கண்ணாடிகளுக்கிடையே வைத்துப் பின்னால் விளக்கேற்றினேன். தேன்நிறத்தில் தோல் ஒளிர்ந்தது; நரம்போடிய தடங்கள் மரக்கிளைகள்போல் தெரிந்தன.

மாமா நெடுநேரம் பார்த்தார். “முப்பது வருஷமா தொட்ட தோல். உள்ளே இப்பத்தான் பாக்கறேன்” என்றார்.

நண்பர்களே, இந்தத் தோல் நம் மாவட்டத்துக்குச் சோறு போடுகிறது; பாலாற்றுக்குக் கறையும் தந்தது. அதற்குள் ஒரு கலையும் இருக்கிறது. விளக்கைப் பின்னால் வைத்துப் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.