கரியின் பசியை முதலில் ஆற்றுங்கள்

கேள்வி: திசையன்விளைப் பக்கம் தேரிச் செம்மணலில் எலுமிச்சை வைக்கப்போகிறேன். சீமைக்கருவேல மூட்டத்தில் மிஞ்சிய கரித்தூளைக் குழியில் இடலாமா?

பதில்: தாராளமாக இடலாம், அன்பரே, ஆனால் பட்டினியோடு இடாதீர்கள். நுண்துவாரங்கள் நிறைந்த அவ்வஸ்து, வெறுமையாகச் சென்றால் கன்றுக்குரிய தழைச்சத்தைத் தானே கவர்ந்துகொள்ளும் சுபாவமுடையதாதலால், காரம் மிகுந்த சாம்பலைச் சலித்து நீக்கி, கரியை மிளகளவாக நொறுக்கி, சாணக் கரைசலிலும் கோமியத்திலும் 15 நாள் ஊறவைத்து, மேல்மண்ணும் தொழுவுரமும் கலந்த பத்துப் பங்குக்கு ஒரு பங்காகச் சேர்ப்பதே உசிதம். தாமிரபரணி வண்டலுக்கு இது அத்தனை அவசியமன்று. ஊற்றிய நீரை நொடியில் விழுங்கும் தேரிக்கோ ஈரத்தையும் உரத்தையும் பிடித்துவைக்கும் பேருபகாரி. அமேசான் பூர்வகுடிகள் கரியிட்டு உண்டாக்கிய கருமண் இன்றும் வளம் குன்றவில்லை. நீரை உறிஞ்சுகிறதென்று நாம் நித்தம் ஏசும் சீமைக்கருவேலம், கரியான பிறகாவது உங்கள் எலுமிச்சைக்கு நீர் காத்துப் பிராயச்சித்தம் செய்யட்டுமே!