குறிமுறைச் சீரமைப்பும் மீளாய்வும்

செய்நிரல் ஒன்றின் வெளியீட்டை மாற்றாது அதன் உள்ளமைப்பை மாத்திரம் திருத்தியமைத்தல் குறிமுறைச் சீரமைப்பு எனப்படும். மாறிகளுக்குப் பொருத்தமான பெயரிடல், நீண்ட நிபந்தனையைச் சுருக்கி எழுதுதல் என்பன உதாரணங்களாகும்.

திறந்த மூல மென்பொருளின் மூலக் குறிமுறையை எவரும் பார்வையிடலாம். திருத்தமொன்றை எவரும் அனுப்பலாம். ஆயினும் பராமரிப்பாளர்கள் அதனை மீளாய்வு செய்து ஏற்றுக்கொண்ட பின்னரே அது மென்பொருளில் சேர்க்கப்படும்.

மீளாய்வில் கவனிக்க வேண்டியவை

1. திருத்தம் ஒரே நோக்கம் கொண்டதா? (லினக்ஸ் கருவுக்கு அனுப்பும் திருத்தங்களும் இவ்வாறு பிரிக்கப்பட வேண்டும்.)
2. அதே உள்ளீட்டுக்கு அதே வெளியீடு கிடைக்கின்றதா?
3. நீக்கப்பட்ட வரி முன்னர் எதற்காக எழுதப்பட்டது?
4. எல்லைப் பெறுமானங்கள் சோதிக்கப்பட்டனவா?

உதாரணம்

முன்: புள்ளி < 35 எனின் "சித்தியின்மை", அன்றேல் "சித்தி"
பின்: புள்ளி > 35 எனின் "சித்தி", அன்றேல் "சித்தியின்மை"

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். 20, 60 ஆகிய புள்ளிகளை உள்ளிட்டால் வேறுபாடு தெரியாது. 34, 35, 36 ஆகியவற்றை உள்ளிட்டுப் பாருங்கள். சரியாக 35 புள்ளி பெற்ற மாணவர் முன்னர் சித்தியடைந்தார், இப்போது சித்தியடையவில்லை. ஆகவே இது சீரமைப்பு அன்று, வழுவாகும். சரியான வடிவம்: புள்ளி >= 35.

உண்மைச் சம்பவம்

2006 இல் டெபியன் லினக்ஸில் இடம்பெற்ற ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறைகுறியாக்க மென்பொருளில் இரு வரிகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. நினைவகத்தைச் சோதிக்கும் கருவியின் எச்சரிக்கையை நீக்குவதே நோக்கம். மென்பொருள் வழமைபோல இயங்கியது. ஆனால் இரகசியச் சாவிகளை ஆக்கும் எழுமாற்று எண்கள், ஏறத்தாழ 32,768 பெறுமானங்களே கொண்ட செயன்முறை இலக்கத்தில் மாத்திரம் தங்கியிருக்கலாயின. எனவே சாவிகளை ஊகித்தல் இலகுவாயிற்று. 2008 மே மாதத்தில் தவறு வெளியிடப்பட்டது. டெபியன், உபுண்டு பயனர்கள் புதிய சாவிகளை ஆக்க நேர்ந்தது. மேலே தரப்பட்ட மூன்றாம் வினாவுக்கு அன்றே சரியான விடை கண்டிருந்தால் இத்தவறு நேர்ந்திராது.

மாதிரி வினா

"திருத்தம் சிறியது, செய்நிரலும் இயங்குகின்றது. ஆகவே மீளாய்வு தேவையில்லை." இக்கூற்றை ஏற்கின்றீரா? காரணம் தருக.

விடை: ஏற்கமுடியாது. செய்நிரல் இயங்குவது அதன் வெளியீடு சரியென்பதற்குச் சான்றாகாது. ஒரு குறியீட்டின் மாற்றமும் எல்லைப் பெறுமானத்தில் பிழையான முடிவைத் தரலாம்.

நினைவிற்கொள்க: திருத்தம் சிறிதாயின் மீளாய்வு செய்தல் எளிது, தவிர்க்கத்தக்கது அன்று.