முழு விலை விளையாட்டுகளில் மறைந்திருக்கும் இரண்டாம் விலை: செலவைக் கட்டுக்குள் வைக்கும் வழிமுறை

ஈஏ நிறுவனத்தின் கால்பந்து விளையாட்டும் 2கே நிறுவனத்தின் கூடைப்பந்து விளையாட்டும் ஆண்டுதோறும் புதிய பதிப்பாக வெளிவருகின்றன. 2020இன் இறுதியில் வந்த கன்சோல் தலைமுறையிலிருந்து அவற்றின் விலை பெரும்பாலும் 70 டாலரை ஒட்டியே இருந்து வருகிறது. அந்த விலையைக் கொடுத்து வாங்கியவரிடமே ஆட்டத்துக்குள் மீண்டும் மீண்டும் சிறு தொகைகளைக் கேட்கும் ஏற்பாடு நுண்பரிவர்த்தனை எனப்படுகிறது. இலவசமாகக் கிடைக்கும் கைபேசி விளையாட்டு வேறு வருவாய் இல்லாததால் இப்படிக் கேட்கிறது என்று சொல்ல இடமுண்டு. முழு விலையையும் முன்பே வாங்கிவிட்ட விளையாட்டுக்கு அந்த நியாயம் பொருந்தாது. 2009 மார்ச்சில் ஃபிஃபா 09 விளையாட்டின் கூடுதல் பகுதியாகத் தொடங்கிய, வீரர் அட்டைகளைத் திரட்டி அணி அமைக்கும் அல்டிமேட் டீம் என்னும் ஆட்டமுறை, 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் ஈஏ நிறுவனத்தின் பல விளையாட்டுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 162 கோடி டாலர், அதாவது நிறுவன வருவாயில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல், ஈட்டித் தந்தது. இவ்வளவு பெரிய வருவாய் தற்செயலாகத் திரள்வதில்லை. விளையாட்டின் திரைகளும் பரிசுகளும் கால வரம்புகளும் அதற்கென்றே வடிவமைக்கப்படுகின்றன. ஆகவே எவ்வளவு செலவிடுவது என்ற முடிவை விளையாட்டைத் திறப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

முதற்படியாக, வாங்கக் கருதும் விளையாட்டில் பணம் எந்தெந்த இடத்தில் கேட்கப்படுகிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். உடை, காலணி, தலைமுடி போன்ற தோற்றப் பொருள்கள் ஒரு வகை. அவற்றை வாங்காதவர் ஆட்டத்தில் எதையும் இழப்பதில்லை. வலிமையை விற்பது இரண்டாம் வகை. என்பிஏ 2கே வரிசையில் விசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் உள்நாணயம், விளையாடினால் மெதுவாகச் சேரும், பணம் கொடுத்தால் உடனே கிடைக்கும். விளையாடுபவர் உருவாக்கும் வீரரின் எறிதிறனும் வேகமும் அதே நாணயத்தால்தான் உயர்கின்றன. தொடக்கத்தில் பலவீனமாக இருக்கும் அந்த வீரர், பணம் கொடுத்து உயர்த்தப்பட்ட வீரர்களோடு இணையத்தில் மோத வேண்டியிருப்பதால், வாங்கும் நெருக்கடி ஆட்டத்தின் அமைப்புக்குள்ளேயே வைக்கப்பட்டுள்ளது. மூன்றாம் வகை பேக் எனப்படும் மூடிய பொதி: உள்ளே எந்த வீரரின் அட்டை இருக்கிறது என்று தெரியாமலே அது வாங்கப்படுகிறது. இவற்றோடு, குறிப்பிட்ட பருவம் முழுவதும் கூடுதல் பரிசுகளைத் திறந்துவிடும் கட்டணச் சீட்டு அண்மைப் பதிப்புகளில் நான்காவதாகச் சேர்ந்திருக்கிறது. மூன்றாம் வகையே மிகுந்த கவனத்துக்குரியது, ஏனெனில் அதில் மட்டுமே கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பது வாங்கும் நொடியில் எவருக்கும் தெரியாது.

பேக் விற்பனை இருப்பதைக் கண்டறிய உறையிலுள்ள வயதுக் குறியீட்டை மட்டும் பார்ப்பது போதாது. 2019 ஆகஸ்டில் வெளியான என்பிஏ 2கே20 முன்னோட்டக் காணொளியில் சூதாட்ட விடுதிகளில் உள்ளதைப் போன்ற சுழல் இயந்திரங்களும் பரிசுச் சக்கரங்களும் இடம்பெற்றிருந்தும், அந்த விளையாட்டுக்கு ஐரோப்பிய மதிப்பீட்டு அமைப்பான பெகி 3 வயதுக் குறியீட்டையே வழங்கியிருந்தது. வயது எண்ணுக்கு அருகில் சிறிய எழுத்தில் இருக்கும் வரியே உண்மையான தகவலைத் தருகிறது: 2020 முதல் பெகியும் வட அமெரிக்காவின் இஎஸ்ஆர்பியும், விலை கொடுத்து வாங்கும் தற்செயல் பொருள்கள் உள்ள விளையாட்டுகளுக்கு அதைத் தனியே குறிப்பிட்டுக் காட்டுகின்றன. அந்த வரி இருந்தால் பேக் விற்பனை இருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

இரண்டாவது படி கணக்கைப் பூட்டுவது. விளையாட்டை நிறுவும் முன்பே இதைச் செய்வது நலம். சிறுவர் விளையாடுவதானால் பெரியவரின் கணக்கில் அவர்களை அமர்த்தாமல், குடும்பப் பிரிவின் கீழ் தனிச் சிறுவர் கணக்கைத் தொடங்க வேண்டும். பிளேஸ்டேஷனில் அத்தகைய கணக்குக்கு மாதாந்திரச் செலவு வரம்பை வைக்கலாம். எக்ஸ்பாக்ஸில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் பெற்றோரின் ஒப்புதலைக் கட்டாயமாக்கலாம். நின்டெண்டோவிலும் கடைக் கொள்முதலைக் கட்டுப்படுத்தும் வசதி உண்டு. பெரியவர் தமக்கென்று விளையாடும்போதும், கடன் அட்டை எண்ணைக் கணக்கில் சேமித்து வைக்காமல், தேவையானபோது மட்டும் முன்பணச் சீட்டால் நிரப்பிக்கொள்வதும், ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்குமாறு அமைப்பதும் பயன் தரும். விருப்பம் எழும் நொடிக்கும் பணம் போகும் நொடிக்கும் இடையே சில நிமிடத் தாமதம் இருந்தாலே பல கொள்முதல்கள் நடக்காமல் போகும்.

மூன்றாவது படி, உள்நாணயத்தை உண்மைப் பணமாக மாற்றி எழுதி வைப்பது. ஈஏவின் கால்பந்து விளையாட்டில் காயின் விளையாடிச் சேர்ப்பது, பாயிண்ட் பணம் கொடுத்து வாங்குவது. இரண்டாலும் பேக் வாங்க முடியும் என்பதால், பாயிண்ட் செலவாகும்போது பணம் செலவாகும் உணர்வு மங்கிவிடுகிறது. 12,000 பாயிண்ட் ஏறத்தாழ 100 டாலருக்கு விற்கப்பட்ட பதிப்புகளில் பிரீமியம் கோல்டு பேக் ஒன்றின் விலை 150 பாயிண்ட். அதாவது 100 டாலருக்கு 80 பேக், ஒரு பேக்குக்கு ஒன்றேகால் டாலர். அதே பேக்கைக் காயினில் வாங்க 7,500 காயின் ஆகும் என்பதால், சில நாள் ஆட்டத்தில் மணிக்கு எத்தனை காயின் சேர்கிறது என்று குறித்துக்கொண்டால், ஒரு மணி நேர ஆட்டத்தின் பண மதிப்பும் தெரிந்துவிடும். பாயிண்ட் கட்டுகளின் அளவும் பேக்குகளின் விலையும் பல நேரங்களில் சரியாகப் பொருந்தாமல் சிறு மீதி தங்கிவிடும். அந்த மீதியைப் பயன்படுத்துவதற்காக இன்னொரு கட்டு வாங்கக் கூடாது.

நான்காவது படி, நிகழ்தகவைக் கணக்கிடுவது. பெரும்பாலோர் ஏமாறும் இடம் இதுவே. 2018இல் வெளியான ஃபிஃபா 19 முதல் ஒவ்வொரு பேக்கிலும் எந்தத் தர அட்டை எத்தனை விழுக்காடு வாய்ப்புடன் கிடைக்கும் என்பது ஆட்டத்துக்குள்ளேயே காட்டப்படுகிறது, ஆகவே வாங்கும் முன் அந்தத் திரையைத் திறந்து பார்க்க வேண்டும். அந்த விழுக்காடு ஒரு தரத்துக்கு உரியது, விரும்பும் குறிப்பிட்ட வீரருக்கு உரியது அன்று. ஒரு தரத்தின் வாய்ப்பு 1 விழுக்காடு என்று கொண்டால், 80 பேக் திறக்கும் நூறு பேரில் ஏறத்தாழ 45 பேருக்கு அந்தத் தரத்தில் ஓர் அட்டைகூடக் கிடைக்காது. 100 பேக் திறந்தாலும் ஏறத்தாழ 37 பேர் வெறுங்கையுடனே இருப்பார்கள். ஒவ்வொரு பேக்கும் முந்தையதோடு தொடர்பற்றது என்பதால், இதுவரை கிடைக்கவில்லை, இனி கிடைத்தே தீரும் என்ற எண்ணத்துக்குக் கணக்கில் இடமில்லை. பல பதிப்புகளில் மிகச் சிறந்த அட்டைகளுக்கு 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்று மட்டுமே காட்டப்பட்டது. அது ஒரு விழுக்காட்டில் பத்தில் ஒரு பங்கா, நூறில் ஒரு பங்கா என்பது வாங்குபவருக்குச் சொல்லப்படவில்லை. விலை கொடுத்து வாங்கும் ஒருவரிடம் பொருளின் அளவை மறைப்பது எந்த வணிகத்திலும் ஏற்கத்தக்கதன்று. வாங்குபவருள் சிறுவர்களும் இருக்கும்போது அது கடும் கண்டனத்துக்குரியது.

என்ன கிடைக்கும் என்பது தற்செயலைப் பொறுத்தது என்பதால் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் இத்தகைய விற்பனை அந்நாட்டுச் சட்டப்படி சூதாட்டமே என்று முடிவுசெய்ய, 2019 ஜனவரி இறுதியில் ஈஏ அங்கே பாயிண்ட் விற்பனையை நிறுத்தியது. நெதர்லாந்தில் ஈஏ மீது விதிக்கப்பட்ட 1 கோடி யூரோ தண்டத்தையோ 2022 மார்ச்சில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2024 செப்டம்பர் முதல் பணத்துக்குப் பேக் விற்கும் புதிய விளையாட்டுகள் குறைந்தது எம் தரக் குறியீட்டைப் பெற்றாக வேண்டும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறுபடுவதால், வீட்டில் வைக்கும் வரம்பே உடனடிப் பாதுகாப்பாகிறது.

ஐந்தாவது படி, பணமின்றி முன்னேறும் வழிகளை முழுமையாகப் பயன்படுத்துவது. அணிக்குத் தேவைப்படாத அட்டைகளைக் குறிப்பிட்ட விதிப்படி சேர்த்துக் கொடுத்தால் பேக்கையோ வீரரையோ தரும் ஸ்குவாட் பில்டிங் சேலஞ்ச், வார இலக்குகள், வீரர் அட்டைகளைக் காயினுக்கு வாங்கி விற்கும் பரிமாற்றச் சந்தை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. சந்தையில் விற்கும்போது 5 விழுக்காடு பிடித்துக்கொள்ளப்படுவதால், அதைக் கழித்தே ஆதாயத்தைக் கணக்கிட வேண்டும். காலமறிந்து வாங்குவது இங்கே பெரிதும் உதவும்: சிறப்பு நிகழ்ச்சிகளின்போது பலர் பேக் திறப்பதால் சந்தையில் அட்டைகள் குவிந்து விலை சரிவதுண்டு, மேலும், வாரந்தோறும் முந்தையதைவிட வலிமையான அட்டைகள் வருவதால், ஜனவரியில் பெரும் மதிப்புடன் இருக்கும் அட்டை வசந்தகாலத்தில் பருவத்தின் சிறந்த வீரர்களைக் கொண்ட அணி வெளியாகும்போது மதிப்பிழந்திருக்கும். புதிய அட்டையை வெளியான நாளிலேயே வாங்காமல் பொறுத்திருப்பவருக்கு இழப்பு குறைவு. 2021 கோடையில் அறிமுகமான முன்காட்சி பேக் கிடைக்கும்போது, உள்ளடக்கத்தைப் பார்த்த பிறகே வாங்கலாமா என்று தீர்மானிக்க முடியும். வெளியார் இணையதளங்களில் காயின் வாங்குவது விதிமீறல் என்பதால் கணக்கே முடக்கப்படக்கூடும். மலிவாகத் தோன்றினாலும் அதைத் தொடக்கூடாது.

இவை அனைத்துக்கும் பிறகும் பணம் செலவிட விரும்புபவர், பதிப்பின் ஆயுளை முதலில் பார்க்க வேண்டும். அல்டிமேட் டீமில் திரட்டிய வீரர் அட்டைகள் அடுத்த ஆண்டின் பதிப்புக்குச் செல்வதில்லை. என்பிஏ 2கே20 விளையாட்டின் வழங்கிகள் வெளியீட்டிலிருந்து இரண்டரை ஆண்டுகூட ஆகாமல் 2021 டிசம்பர் 31 அன்று நிறுத்தப்பட்டன, அதோடு இணையம் வழி இயங்கிய பகுதிகளும் மறைந்தன. எனவே பதிப்பு வெளியான முதல் சில மாதங்களுக்கென ஒரு தொகையை ஒதுக்கி, அடுத்த பதிப்பு நெருங்கும் கோடைக் காலத்தில் செலவை அறவே நிறுத்திவிடுவது முறை.

தவறுதலாகவோ சிறுவரின் கையாலோ கொள்முதல் நடந்துவிட்டால், வாங்கிய பாயிண்டைச் செலவிடாமல், பேக்கைத் திறக்காமல், ஆட்டத்தை உடனே மூடிவிட்டு, கொள்முதல் மின்னஞ்சலையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அதே நாளில் கன்சோல் கடையின் உதவிப் பிரிவில் பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். கணக்கில் சேர்ந்துவிட்ட உள்நாணயத்துக்குப் பணம் திருப்புவதைப் பல கடைகள் மறுப்பதுண்டு. பேக் திறக்கப்பட்டுவிட்டால் வாய்ப்பு இன்னும் குறைகிறது. மறுக்கப்பட்டால் வெளியீட்டு நிறுவனத்திடம் எழுத்துமூலம் முறையிட்டு, அந்த முறையீட்டின் எண்ணைப் பாதுகாத்து வைக்க வேண்டும். பணம் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும், அன்றே கணக்கின் செலவு வரம்பைச் சுழியமாக்கிச் சேமித்த அட்டை எண்ணையும் நீக்கிவிட வேண்டும்.