கோர்வைத் தறியும் பிள்ளைகளின் படிப்பும்

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடாக்கள். இரண்டும் கோத்துக்கொள்வதே கோர்வை. நெய்பவர் ஒருவர் போதாது, கரை நாடாவைத் தள்ள உடன் ஓர் ஆள் வேண்டும். முன்பெல்லாம் அந்த இடத்தில் பள்ளிக்கூடம் போகவேண்டிய பையன்கள் பலர் உட்கார்ந்திருந்தார்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகும் அது உடனே நின்றுவிடவில்லை.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் 14 வயது வரைதான் கைகொடுக்கிறது. அதற்குமேல் பிள்ளையைப் படிப்பில் நிறுத்துவது எது? வறுமையை நாம் மறுக்கவில்லை. ஆனாலும் விடாப்பிடி என்னும் குணத்தையே முதலில் சொல்வோம். குறைவாயினும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நாமோ, பரீட்சைக்கு முந்திய இரவு கண்விழிப்பவனைத்தான் மெச்சுகிறோம்! ஸுபுஹு தொழுதுவிட்டுத் தினமும் அரைமணி கணக்குப் போடுபவன் நம் கண்ணில் படுவதில்லை.

இழை அறுந்தால் நெசவாளி அப்போதே முடிச்சிடுகிறார். புரியாத பாடத்தையும் அன்றைக்கே ஆசிரியரிடம் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். இதில் வெட்கம் ஆகாது. மஃரிபுக்குப் பின் தறிக்கோ கடைக்கோ மகனைக் கூப்பிடுமுன், அன்றைய பாடம் முடிந்ததா என்று ஒரு வார்த்தை கேட்குமாறு தகப்பனார்களை வேண்டிக்கொள்கிறோம்.