பணம் வந்தது, ஆர்டர் எங்கே?

இணையக் கடை நடத்துகிறவர்களின் வாட்ஸ்அப்பில் அடிக்கடி வந்து விழும் செய்தி இது: "அண்ணா, அக்கவுன்ட்ல பணம் போயிடுச்சு. ஆனா ஆர்டர் ஆகலை." கூடவே வங்கி அனுப்பிய எஸ்எம்எஸ்ஸின் ஸ்கிரீன்ஷாட். கடையின் அட்மின் பக்கத்தைத் திறந்தால் ஆர்டர் 'பெண்டிங்' என்று நிற்கிறது. பேமென்ட் கேட்வேயின் டாஷ்போர்டில் பணம் வந்து சேர்ந்திருக்கிறது. மூன்று இடமும் மூன்று கதை சொல்கின்றன.

சிறு கடைகள் சிலவற்றுக்குக் கேட்வே இணைத்துக் கொடுத்திருக்கும் இக்கட்டுரையாளரின் அனுபவத்தில், வேலையின் பெரும்பகுதி இந்த மூன்றையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவருவதுதான். பணம் கட்டும் பட்டனை வைப்பதில் பெரிய சிரமம் இல்லை. ரேசர்பே, ஸ்ட்ரைப் போன்றவை ஆயத்த நிரல் தருகின்றன. ஒட்டினால் திரை வந்துவிடும். சிக்கல் அந்தத் திரை மூடிய பிறகு தொடங்குகிறது.

யுபிஐ வழியில் பணம் கட்டும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வாடிக்கையாளர் மொபைலில் கடையின் பக்கத்தைத் திறந்து பட்டனைத் தொடுகிறார். போன் அவரை ஜிபேக்கோ போன்பேக்கோ அழைத்துப் போகிறது. பின் நம்பர் போடுகிறார். பணம் வங்கிக்கு வங்கி நகர்ந்துவிடுகிறது. இதற்குள் நினைவகம் போதாத போன், பின்னால் கிடக்கும் பிரௌசர் பக்கத்தை மூடியிருக்கலாம். "பணம் கட்டியாயிற்று" என்று பார்த்ததும் அவரே கடைப் பக்கம் திரும்பாமல் போயிருக்கலாம். இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைத் தொட்டு வந்தவர் என்றால், அந்தச் செயலிக்குள்ளேயே திறந்த பிரௌசரில் இருந்திருப்பார். அங்கிருந்து இன்னொரு செயலிக்குப் போய் வருவதில் தடங்கல் வர இன்னும் வாய்ப்பு உண்டு. பணம் நகர்வதற்கு அந்தப் பக்கம் உயிரோடு இருக்கத் தேவையில்லை. ஆனால் ஆர்டரை உறுதிசெய்யும் நிரல் அந்தப் பக்கத்தில் மட்டும் இருந்தால், பக்கத்தோடு ஆர்டரும் போய்விடுகிறது.

இதற்கு வெப்ஹூக் என்ற ஏற்பாடு இருக்கிறது. வாடிக்கையாளரின் போனை நம்பாமல், கேட்வேயின் சர்வர் கடையின் சர்வரை நேரடியாகக் கூப்பிட்டு "இந்த ஆர்டருக்குப் பணம் வந்தது" என்று சொல்லும் வழி. பிரௌசரில் வரும் பதிலை வாடிக்கையாளருக்கு உடனே ஏதாவது காட்டுவதற்குப் பயன்படுத்தலாம். சரக்கை அனுப்புவதா என்ற முடிவு சர்வருக்கு வந்த, சரிபார்த்த தகவலைக் கொண்டே எடுக்கப்பட வேண்டும்.

வெப்ஹூக் எழுதும்போது நான்கு விஷயங்களில் கவனம் தேவை. முதலாவது, அனுப்பியது கேட்வேதானா என்று கையொப்பத்தைச் சரிபார்ப்பது. ரேசர்பே இதற்கு ஹெச்மேக் ஷா-256 முறையைப் பயன்படுத்துகிறது. வந்த தகவலை ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே எடுத்துச் சோதிக்க வேண்டும். நிரல் அதைப் பிரித்து மறுபடி கோத்தால் ஒரு இடைவெளி மாறினாலும் கையொப்பம் பொருந்தாது.

இரண்டாவது, வேகம். ரேசர்பே ஐந்து வினாடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் தோல்வி என்று கொண்டு, 24 மணி நேரம் வரை இடைவெளி விட்டு விட்டு மீண்டும் அனுப்பும். எனவே தகவலைப் பதிந்துவிட்டு உடனே பதில் சொல்வது நல்லது. மின்னஞ்சல் அனுப்புவது, பில் போடுவது, கூரியருக்குச் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகு நடக்கட்டும்.

மூன்றாவது, அதே செய்தி இரண்டு முறை வரும். இதற்குத் தயாராக இல்லாத கடையில் ஒரே புடவைக்கு ஸ்டாக் இரண்டு குறைந்திருக்கும்; வாடிக்கையாளருக்கு இரண்டு எஸ்எம்எஸ் போயிருக்கும். ஒவ்வொரு செய்தியோடும் வரும் அடையாள எண்ணை டேட்டாபேஸில் வைத்து, ஏற்கெனவே இருந்தால் பேசாமல் விட்டுவிட வேண்டும். நான்காவது, செய்திகள் நடந்த வரிசையில் வரும் என்ற உறுதி இல்லை. 'பணம் பிடிக்கப்பட்டது' முதலிலும், 'அனுமதி கிடைத்தது' பிறகும் வரலாம். பணம் வந்துவிட்ட ஆர்டரைப் பின்னால் வரும் எந்தச் செய்தியும் பழைய நிலைக்குத் தள்ளாதபடி நிரலை எழுத வேண்டும்.

வெப்ஹூக்கும் வராமல் போகிற நாள் உண்டு. கடையின் சர்வரே படுத்திருக்கலாம். அதனால் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பெண்டிங் ஆர்டர்களை எடுத்து, "இதற்குப் பணம் வந்ததா?" என்று கேட்வேயிடம் கேட்கும் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்று பின்னால் ஓடுவது நல்லது.

அடுத்தது தொகை. கட்ட வேண்டிய தொகையை பிரௌசர் சொல்லக் கூடாது. பக்கத்தில் இருக்கும் எண்ணைத் திருத்தி, 4,000 ரூபாய்ப் புடவைக்கு 4 ரூபாய் அனுப்புவது கொஞ்சம் விவரம் தெரிந்த எவராலும் முடியும். கார்ட்டில் உள்ளதை வைத்து சர்வர் விலையைக் கணக்கிட்டு, கேட்வேயில் ஆர்டர் ஒன்றை உருவாக்கி, அந்த ஆர்டர் எண்ணை மட்டும் பக்கத்துக்குக் கொடுக்க வேண்டும்.

ரேசர்பே தொகையைப் பைசாவில் கேட்கிறது: 500 ரூபாய் என்றால் 50000. இங்கே ஒரு குழி இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் 19.99-ஐ 100-ஆல் பெருக்கினால் 1999 வராது, 1998.9999999999998 வரும். தசமத்தை வெட்டினால் ஒரு பைசா காணாமல் போய், கட்டிய தொகையும் பில் தொகையும் பொருந்தாமல் நிற்கும். விலையைத் தொடக்கத்திலிருந்தே பைசாவில் முழு எண்ணாக வைத்தால் தொல்லை இல்லை. வெளிநாட்டுக்கு விற்கிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஜப்பானிய யென்னுக்குத் தசமமே கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று இடம்.

கார்டு விவரத்தைக் கடை தொடவே வேண்டாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல் கடைகள் கார்டு எண்ணைச் சேமித்து வைக்க முடியாது. அதற்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்று எண்தான். ஆனால் சேமிக்காவிட்டாலும் ஆபத்து உண்டு என்பதற்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் உதாரணம். 2018-இல் அதன் இணையதளத்தில் இருந்த ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைத் திருத்திய திருடர்கள், பயணிகள் தட்டச்சு செய்த கார்டு விவரங்களை அப்படியே வேறொரு தளத்துக்குத் திருப்பிவிட்டார்கள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்கள் பாதிக்கப்பட்டன. 2020 அக்டோபரில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. செக்அவுட் பக்கத்தில் சாட் பெட்டி, விளம்பர பிக்சல் என்று கண்ட ஸ்கிரிப்டையும் ஏற்றி வைப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம். அந்தப் பக்கத்தில் பணம் கட்டத் தேவையானது மட்டும் இருந்தால் போதும்.

பணம் பற்றிய கணக்கு விற்பனையோடு முடிவதில்லை. கேட்வே கட்டணம் 2 சதவீதம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று வைத்துக்கொண்டால், 1,000 ரூபாய் விற்பனையில் 23 ரூபாய் 60 காசு கழித்து 976 ரூபாய் 40 காசு வரும். யுபிஐக்கு 2020 ஜனவரி முதல் எம்டிஆர் (வணிகரிடம் பிடிக்கும் பரிவர்த்தனைக் கட்டணம்) இல்லை. இருந்தாலும் சேவைக் கட்டணம் என்ற பெயரில் ஏதாவது உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். செட்டில்மென்ட் ஓரிரு வேலை நாள் கழித்து மொத்தமாக வரும், இடையில் கொடுத்த ரீஃபண்டுகளைக் கழித்துக்கொண்டு. ஆகவே வங்கியில் விழும் தொகையும் அன்றைய விற்பனையும் நேருக்கு நேர் பொருந்தாது. கேட்வே தரும் செட்டில்மென்ட் அறிக்கையை ஆர்டர் வாரியாக ஒப்பிடும் வேலையை முதல் மாதத்திலேயே பழக்கமாக்கினால், ஆண்டுக் கடைசியில் ஆடிட்டரிடம் விழிக்க வேண்டியிராது.

வாடிக்கையாளரிடம் பேசுகிறவருக்கும் சில தகவல்கள் கையில் இருக்க வேண்டும். கணக்கில் பணம் பிடித்து, கடைக்கு உறுதி வராமல் நின்றுவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும் என்றும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை சொல்கிறது. "பணம் கட்டுவதில் தோல்வி" என்று சிவப்பில் காட்டினால் பதறி மறுபடி கட்டுவார்கள். "வங்கியிடமிருந்து உறுதி இன்னும் வரவில்லை, சில நிமிடம் பொறுங்கள்" என்று காட்டினால் இரட்டைப் பணம் குறையும்.

டெஸ்ட் மோடில் வெற்றிகரமாக ஒரு ஆர்டர் போட்டுவிட்டுச் சோதனை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. பாதியில் பக்கத்தை மூடிப் பார்க்க வேண்டும். பட்டனை இரண்டு முறை தட்டிப் பார்க்க வேண்டும். ஒரே வெப்ஹூக்கைத் திரும்ப அனுப்பிப் பார்க்க வேண்டும்.

லைவ் கணக்குக்கு பான் கார்டு, வங்கி விவரம், தளத்தில் ரீஃபண்ட் விதி, டெலிவரி விதி, தொடர்பு முகவரி எல்லாம் கேட்பார்கள். அந்தச் சரிபார்ப்பு நாள் பிடிக்கும் என்பதால் நிரல் எழுதத் தொடங்கும் அன்றே விண்ணப்பித்துவிடலாம். லைவுக்கு மாறும்போது கீயை மாற்றுவதோடு வெப்ஹூக் முகவரியையும் லைவில் தனியாகப் பதிய வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இது. மாறியதும் சொந்தக் கார்டிலும் சொந்த யுபிஐயிலும் சிறு தொகைக்கு ஒவ்வொரு பொருள் வாங்கி, ஒன்றை ரீஃபண்ட் செய்து, இரண்டும் செட்டில்மென்ட் அறிக்கையில் சரியாக வருகின்றனவா என்று பார்த்த பிறகு விளம்பரத்தைத் தொடங்கலாம். தீபாவளி விற்பனை நெருங்கும் வாரத்தில் மட்டும் கேட்வே மாற்றும் வேலையை ஆரம்பிக்க வேண்டாம்.