திண்ணை யாருக்குச் சொந்தம்?

புதுவைக்கு வரும் விருந்தினர்கள் கடற்கரையையும் மஞ்சள் சுவர்களையும் காகிதப்பூக்களையும் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வருகிறவர்கள் குறைவு. என் ஆயா வீடு இருப்பதோ அந்த மேற்குப் பக்கத்தில். ஆகவே இக்கட்டுரையும் அங்கேயே நிற்கும்.

நம் வீதிகள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருப்பதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். 1693இல் புதுவையைப் பிடித்த டச்சுக்காரர்கள் 1694இல் வரைந்த நகரப் படத்திலேயே இந்தக் கட்டம் கட்டமான அமைப்பு இருக்கிறது. 1699இல் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது. 1761இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றிக் கோட்டையையும் வீடுகளையும் இடித்துத் தள்ளினர். 1765 முதல் மறுபடி கட்டியபோது பழைய வீதிக் கோடுகளின் மேலேயே கட்டினார்கள். ஊர் முழுவதும் இடிந்தும் ஊரின் வடிவம் அழியவில்லை! எனக்கு இது பெரிய வியப்பு.

வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள வீடுகள் உயர்ந்த மதிலுக்கும் பெரிய கதவுக்கும் பின்னால் தோட்டத்தோடு ஒதுங்கி நிற்கும். மேற்கே தமிழர் வீடுகள் அப்படியல்ல. சுவரோடு சுவர் ஒட்டி, வீதியைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். முன்னால் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், அதன் நிழலில் திண்ணை, உள்ளே முற்றம். மாடி கட்டியவர்கள் கீழே தமிழ் வீடாகவும் மேலே வளைவு சன்னல்களோடு பிரெஞ்சு வீடாகவும் கட்டினார்கள். தாழ்வாரங்கள் தொடர்ந்து இருந்தால் சித்திரை வெயிலிலும் நிழலிலேயே நடக்கலாம். ஒரு வீட்டுக்காரர் மட்டும் இதைச் செய்ய முடியாது. பக்கத்து வீடும் சேர வேண்டும்.

ஒன்றை மறைக்கக்கூடாது. அந்த வாய்க்கால் வெள்ளையரையும் தமிழரையும் பிரித்தது. தமிழர் பகுதியும் சாதிவாரியாகப் பிரிந்திருந்தது. செட்டி வீதி, கோமுட்டி வீதி, வெள்ளாள வீதி என்ற பெயர்களே சாட்சி. திண்ணையில் எல்லோரும் உட்கார்ந்துவிட முடிந்ததா என்ன? காக்க வேண்டியது நிழலைத்தான், அந்தப் பாகுபாட்டை அல்ல.

காப்பதற்கு முயற்சி நடந்திருக்கிறது. கால்வே சுப்புராய செட்டி வீதி என்னும் வைசியாள் வீதியில், இன்டாக் அமைப்பும் அரசும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் 2002 முதல் 2004 வரை வீட்டு முகப்புகளைச் சீர்படுத்தின. இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நெவ் சுர் லோவும் அத்திட்டத்தில் நம் ஊரோடு சேர்ந்திருந்தன. 2008இல் அவ்வீதிக்கு யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. ஒரே ஒரு வீட்டைச் செப்பனிடாமல் வீதியின் வரிசையையே செப்பனிட்டதுதான் அதன் சிறப்பு என்று நினைக்கிறேன்.

ஆனால் எல்லா வீதிக்கும் ஐரோப்பா வருமா? மழை நீர் இறங்கினால் உத்தரம் உளுத்துவிடும். சுண்ணாம்பை அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனாரும் அரிது. 2014 நவம்பர் மழையில் கடற்கரையிலிருந்த மேரி கட்டடமே இடிந்து விழுந்தது; அதை மீண்டும் கட்டித் திறக்க 2021 ஆயிற்று. அரசாங்கக் கட்டடத்துக்கே அந்தக் கதியென்றால், ஓய்வூதியத்தில் வாழும் ஒரு கிழவியை, "ஏன் வீட்டை இடித்தாய்?" என்று எப்படிக் கேட்பது?

இதை நான் எழுதக் காரணம் உண்டு. ஆயா வீட்டைப் பாகம் பிரிக்கப் போகிறார்கள். முன்பக்கம் பெரியப்பாவுக்கு. திண்ணையை எடுத்துவிட்டு ஷட்டர் போட்டால் கடை வாடகை வரும் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவருக்கு இரண்டு பெண்கள் கல்லூரியில் படிக்கிறார்கள். சித்தப்பா மட்டும், "திண்ணையை விட்டுவிட்டு உள்ளறையைக் கடையாக்கலாமே அண்ணா" என்றார். பெரியப்பா பதில் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை.

சென்ற ஞாயிறு பூசை முடிந்து போனபோது, தையல் டேப்பால் நானும் தங்கையும் திண்ணையை அளந்தோம். பதினோரு அடி நீளம், இரண்டேகால் அடி அகலம். அளந்துகொண்டிருக்கும்போதே கீரைக்கார அம்மா கூடையை இறக்கி வைத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். "எதுக்குடி பாப்பா அளக்கிறீங்க?" என்றார். ஆயா உள்ளேயிருந்து தண்ணீர்ச் சொம்போடு வந்துகொண்டிருந்தார்.